கூட வந்தவங்க யாரு

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே குளிர் அதிகம் என்று போன வாரம் சொன்னாய். காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

நான் கடிதம் எழுதுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். போனில் சொல்ல முடியாத விஷயம். நம் வீட்டில் ஒரே அறை, ஒரே போன், அதுவும் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில். நீ அங்கே பேசுவது இங்கே வாசல் வரை கேட்கும். தையல் கடையிலிருந்து கூப்பிடலாம்தான். நாலு மெஷின் ஓடும் இடத்தில், நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது, எனக்கு வாயே வராது. நீ பதில் எழுதினால் கடை முகவரிக்கு எழுது. டெய்லரம்மா பிரிக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் ஸ்கேன் முடிவு வாங்கப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கதவைத் திறந்து அப்பா பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டார். அப்பா எழுந்தார். "நீங்க உக்காருங்க. கூட வந்தவங்க வரட்டும்" என்றார் நர்ஸ். அப்பா சிரித்துக்கொண்டே, "இவளுக்குக் கூட வந்தவன் நான்தாம்மா. இவ வாயத் தொறக்க மாட்டா" என்றார். நர்ஸ் சிரிக்கவில்லை. நான் உள்ளே போனேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதை மறக்காமல் வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அப்படியே தருகிறேன்: "வயித்துல கட்டி. கல்லீரலுக்கும் போயிருக்கு. ஆபரேஷனுக்கு மிஞ்சிப் போச்சு. வலிக்கு மாத்திரை தர்றேன். இன்னும் நாலஞ்சு மாசம் நல்லா நடமாடுவாரு. அவருக்கு ஏதாச்சும் ஆசை இருந்தா அதுக்குள்ள செஞ்சு வைங்க. வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

"அக்கா நர்ஸ்" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

வெளியே வந்ததும் அப்பா, "புண்ணுதானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டேன். "நெனச்சேன். டிரைவர் வயிறு. முப்பது வருஷம் நேரத்துக்குச் சோறு பாத்திருக்கா அது" என்றார். பஸ்ஸில் வரும்போது, வயிறு ஆறினதும் நர்சம்மாவை, உன்னைத்தான், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்றார். அவருக்குப் போன வருஷம் எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் உன் பழைய யூனிஃபார்முக்கு அடியில்தான் இருக்கிறது.

ஸ்கேன் காகிதத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல். அப்பாவிடம் சொல்லட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 5

வாயாடிக்கு,

இப்படிக் கூப்பிட்டால் நீ சிரிப்பாய் என்று எழுதினேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவளுக்கு இந்தப் பெயர் வைத்தவர் அப்பாதான். சாப்பிடுகிறாயா? கண் வலி எப்படி இருக்கிறது?

காகிதத்தைப் பார்த்தேன். டாக்டர் சொன்னது சரி. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அப்பாவிடம் சொல்லாதே. ஆறு வருஷம் வார்டில் நாற்பது கட்டில் பார்த்தவள் நான். சொன்ன நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் விட்டவர்கள் கடைசிவரை டாக்டரிடம் எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெம்பு வேண்டும். புண் என்றே இருக்கட்டும்.

எனக்கு இருபதாம் தேதி பரீட்சை. அதில் தேறினால்தான் இங்கே நான் நர்ஸ். இப்போது முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுகிறேன், ஊட்டிவிடுகிறேன், படுக்கை விரிக்கிறேன். மருந்து வண்டியைத் தொடக்கூட அனுமதி இல்லை. லீவு வருஷத்துக்கு ஒரு தடவைதான். பரீட்சை முடிந்து, கையில் லைசென்ஸோடு வருகிறேன். வந்து நானே பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே. அது உனக்குக் கஷ்டமா என்ன?

பயணம் பற்றிக் கேட்டால், வயிறு ஆறட்டும் என்று சொல்லி வை. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. மலச்சிக்கல் வரும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் காய்ச்சல் நிஜமாகவே வராமல் இருக்கட்டும்.

பரீட்சை எப்படி எழுதினாய்? ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லாதான் எழுதியிருக்கேன்பா" என்று அப்பாவிடம் சொன்னாய். உன் குரல், அம்மா இறந்த வருஷம் நீ எல்லாரிடமும் "சாப்பிட்டாச்சு" என்று சொன்ன குரல் மாதிரி இருந்தது. அப்பாவுக்கு அது கேட்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பால்காரரிடம், "இனிமே உங்களுக்குச் சளி புடிச்சாக்கூட அங்க போன் போட்டுக் கேக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. அப்பா இப்போது நோயாளி மாதிரியே இல்லை. பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கச் சொன்னார். ஒரு சக்கரம் சுற்றவில்லை. அதைக் கழற்றி, எண்ணெய் போட்டு, இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிச் சரி செய்தார். வாசலில் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். "பிரேக்குதான் இல்ல. மத்தபடி நல்ல வண்டி" என்றார்.

நேற்று, "டாக்டர் உன்கிட்ட வேற எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். "பாத்துத் தைம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் சொன்ன நாலஞ்சு மாதத்தில் ஒன்று போய்விட்டது, அக்கா.

குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்.

தங்கை

*

மார்ச் 18

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமா? அப்பா தூங்குகிறாரா? நான் இருக்கிறேன்.

தேறவில்லை.

இதை உன்னைத் தவிர யாருக்கும் எழுதவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கேள்விதான் வரும். விடையைத் தொட்டால்தான் அடுத்தது. தொட்ட பிறகு திரும்பிப் போய்த் திருத்த முடியாது. ஒரு கட்டத்தில் திரை தானாக அணைந்துவிடும். எனக்கு அணைந்தபோது நன்றாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

தோற்றவர்களுக்கு ஒரு தாள் அனுப்புகிறார்கள். எதில் மேலே, எதில் கீழே என்று அதில் இருக்கும். மருந்து, ஊசி, காயம் எல்லாவற்றிலும் மேலே. நோயாளியின் உரிமை என்று ஒரு பகுதி, அதில் கீழே. அது போக ஒன்றிரண்டு பகுதியில் இழுபறி.

ஒரு கேள்வி நினைவிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது ஆள். புற்றுநோய். மகன் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்கிறான். நீங்கள் அறைக்குள் போனதும் அவர், "என் ரிப்போர்ட்ல என்ன இருக்கு?" என்று கேட்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்? நாலு விடை. நான் யோசிக்கவே இல்லை. மகனையும் டாக்டரையும் கலந்து பேசுவேன் என்பதைத் தொட்டேன். ஆறு வருஷமாக என் கை அப்படித்தான் போயிருக்கிறது. வார்டுக்கு யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது "கூட வந்தவங்க யாரு?" என்பதுதானே.

என் அறையில் இருக்கும் பெண் இரண்டு வருஷம் முன்னால் தேறியவள். அவளிடம் சொன்னேன். "நீ யாருக்கு நர்ஸு? மகனுக்கா?" என்று சிரித்தாள். சரியான விடை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு இதுவரை என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரையே கேட்பது. அது மூன்றாவதாக இருந்தது. அதை நான் முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

மறுபடி ஜூன் 30-க்குத்தான் இடம் கிடைத்தது. அதிலும் விட்டால் செப்டம்பரோடு என் வேலை அனுமதி முடிகிறது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்பாவிடம், பரீட்சையில் இன்னொரு பகுதி பாக்கி, அதன் தேதி தள்ளிப் போய்விட்டது என்று சொல். நானும் போனில் அதையே சொல்கிறேன். அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பகல் வெளிச்சத்தில் தை.

அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். டெய்லரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லவ் லெட்டரா இருந்தா சிரிச்சிருப்ப. அப்ப அக்காதான்" என்றார். தண்ணீர் கொடுத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீ மறுபடி எழுதித் தேறுவாய். எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னபோது, ஒரு வரி கூட வராமல் நின்றேனே, அன்றிலிருந்து பள்ளிக்கூடமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ அப்படி இல்லை. விழுந்த இடத்துக்கே திரும்பிப் போகிறாய்.

மீதிப் பரீட்சை தள்ளிப்போனதாக அப்பாவிடம் சொன்னேன். அவர் இப்படிச் சொன்னார்:

"தள்ளிப் போச்சுன்னா இப்ப அவளுக்குக் கொஞ்சம் ஓய்வுதானே? நான் இப்பவே ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடட்டுமா? விசாவுக்கு அவ ஒரு கடிதம் குடுத்தா போதுமாம். மூணு வாரத்துல வந்துருமாம். பக்கத்துத் தெரு வாத்தியார் சொன்னாரு. வயிறும் இப்ப ஒண்ணும் பண்ணல."

பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. காலால் அதைத் தொட்டுக்கொண்டே பேசினார். நான் நீ சொன்னதைச் சொன்னேன். "வயிறு நல்லா ஆறட்டும்பா."

"நீயே வாயத் தொறந்து சொல்றேன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கேள்விக்கு மூன்றாவதுதான் சரியான விடை என்றால், நம் வீட்டில் எது சரி?

சளி பிடித்தால் ஆவி பிடி.

தங்கை

*

மே 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம்தானே? பதில் எழுத நாளாகிவிட்டது. இரட்டை ஷிஃப்ட்.

படிக்கிறேன். அறையில் மேசை இல்லை. இஸ்திரிப் பலகையை விரித்து அதன்மேல் புத்தகம். கேள்விகளை அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில், குளியலறைக் கண்ணாடியில், எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறேன். கூட இருப்பவள், "பல் தேய்க்கும்போதும் நோயாளிக்கு உரிமையா?" என்கிறாள். இப்போது பயிற்சிக் கேள்விகளில் அந்தப் பகுதியில் தவறே வருவதில்லை. நோயாளியிடம் சொல்லும்போது நிற்கக் கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கிற மாதிரி உட்கார வேண்டும். அவசரப்படக் கூடாது. அவர் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். இல்லத்தில் பன்னிரண்டாம் அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்குச் சட்டை மாட்டும்போதே இப்படி உட்கார்ந்து பழகுகிறேன்.

வந்ததும் அப்பாவிடம் இப்படித்தான் சொல்லப்போகிறேன். இன்னும் எட்டு வாரம்தான். பொறுத்துக்கொள். வலி கூடினால் மாத்திரையை டாக்டரைக் கேட்டுக் கூட்டு.

நீ கேட்டதற்கு: பரீட்சை வேறு, வீடு வேறு. அதற்கு மேல் இப்போது எனக்கு எழுத வரவில்லை.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

*

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நன்றாகப் படி.

அப்பாவுக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். சோறு குழைய வடித்துக் கொடுக்கிறேன், பாதி சாப்பிடுகிறார். நடை குறைந்துவிட்டது. வாசல் வரை வந்து நாற்காலியில் உட்காருகிறார். பால்காரர் வந்தால் பேசுகிறார்.

பெட்டியை மறுபடி பரணில் ஏற்றியாகிவிட்டது. அவர்தான் சொன்னார்.

அவர் இப்போதெல்லாம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நீ கவலைப்பட வேண்டாம். பரீட்சை முடியும்வரை வேறு எதையும் நினைக்க வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். பேனாவை எடுத்தால் அதற்கு மேல் வரவில்லை. கடையில் வேலை அதிகம்.

தங்கை

*

ஜூலை 4

என் செல்ல வாயாடிக்கு,

நீயும் அப்பாவும் நலமா? போனில் கத்திச் சொல்லிவிட்டேன், இருந்தாலும் எழுதினால்தான் நிஜம் மாதிரி இருக்கிறது. தேறிவிட்டேன். லைசென்ஸ் எண் வந்துவிட்டது. அதை மனப்பாடமே செய்துவிட்டேன். நேற்று மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நர்ஸ், "இனி நீயும் தள்ளு" என்று கைப்பிடியை என்னிடம் விட்டாள். முதல் திருப்பத்திலேயே சுவரில் இடித்துவிட்டேன். ஆறு வருஷம் தள்ளின வண்டிதானே.

அந்த மாதிரி ஒரு கேள்வி இந்தத் தடவையும் வந்தது. ஆனால் புரட்டிப் போட்டிருந்தார்கள். நோயாளிக்குத் தன் நிலைமை தெரியும். என் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்கிறார். மகள் வந்து, அப்பாவுக்கு என்ன என்று கேட்கிறாள். முதலில் என்ன செய்வீர்கள்? நாலு விடையையும் முழுதாகப் படித்தேன். அவர் அனுமதி இல்லாமல் மகளிடம் சொல்ல முடியாது என்பதைத் தொட்டேன். உறுதியாகத் தொட்டேன்.

செய்தியைச் சொன்னபோது அப்பா, "சரி நர்சம்மா. சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார். ஒரு கேலி கூட இல்லை. வலி அதிகமா? ஆகஸ்ட் இரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் அந்த ஸ்டூல் வேண்டாம், அது உயரம். சின்ன நாற்காலியைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி வை.

இத்தனை நாள் நீ தாங்கினாய். இன்னும் நாலு வாரம்.

அன்புடன்
அக்கா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? வேலைக்குப் போகிறாயா? சாப்பிடு.

அப்பா இறந்த மறுநாள், போட்டிருந்த அதே டிக்கெட்டில் நீ வந்து சேர்ந்தாய். ஐந்து நாள் இருந்தாய். ஐந்து நாளும் வீடு நிறைய ஆள். நீ அழுதுகொண்டே எல்லாரிடமும், "கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது. அந்த மட்டுக்கும் நிம்மதி" என்று சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் சமையலறைக்குள் போய் நின்றேன். சொல்ல வாய் வரவில்லை. பிறகு விமான நிலையத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கேயும் வரவில்லை.

அப்பாவுக்குத் தெரியும், அக்கா. மே 20-லிருந்து தெரியும்.

அன்றைக்கு மாத்திரை கூட்டப் போனோம். அதே பெஞ்சு. அதே நர்ஸ். "கூட வந்தவங்க யாரு?" நான் எழுந்தேன். எழுந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் மறுபடி கேட்டார். "அவரே வந்திருக்காரு" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். நர்ஸுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். ஃபைலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

என்னால் சொல்ல முடியாது. அதனால் அப்படிச் செய்தேன். நீ அந்த மூன்றாவது விடையை எழுதாமல் இருந்திருந்தால் அதுவும் தோன்றியிருக்காது.

ரொம்ப நேரம் கழித்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ஜனவரி."

"நர்சம்மாவுக்கு?"

தலையாட்டினேன்.

"ஜனவரில நான் நல்லாத்தானே இருந்தேன்" என்றார். கணக்குப் போடுகிறவர் மாதிரி விரலை மடக்கினார். "ஏப்ரல்லகூட நல்லாத்தான் இருந்தேன். அப்பவே சொல்லியிருந்தா போய் ஒரு தடவ பாத்துட்டு வந்திருப்பேனே. உள்ள அதத்தான் கேட்டேன். இப்ப விமானத்துல போலாமான்னு. வேணாம்னுட்டாரு."

கோபமே இல்லை, அக்கா. பஸ்ஸைத் தவறவிட்டவர் பேசுகிற மாதிரித்தான் பேசினார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில், "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத. பரீட்சை இருக்கு. கை நடுங்கும்" என்றார். "எத்தன நாள் எனக்குத் தெரியாம வச்சிருந்தீங்க. எனக்கும் ஒரு தடவ குடுங்க." அதைச் சொல்லும்போது சிரித்தார். நான் சத்தியம் செய்தேன்.

உன் ஜூலைக் கடிதம் தாமதமாகி, அவர் போன அன்று காலையில்தான் கடைக்கு வந்தது. நான் அதைப் படித்தது நீ திரும்பிப் போன பிறகுதான். அந்தப் புரட்டிப் போட்ட கேள்வியைப் படித்ததும் பயந்துவிட்டேன். யாரோ நம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

நீ தேறியதைப் போனில் சொன்ன அன்றைக்கு அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துத் தரச் சொன்னார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் வெள்ளை. "முப்பது வருஷம் ஒரே ரூட்டு ஓட்டினவன். ஒரு சீல் வாங்கியிருக்கலாம்" என்றார். பிறகு உன் யூனிஃபார்முக்கு அடியிலேயே வைக்கச் சொன்னார். அங்கேதான் இருக்கிறது.

சின்ன நாற்காலி கடையிலிருந்து வாங்கவில்லை. இனி எதற்கு?

பேசாதவளிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று எல்லாரும் என்னிடமே கொடுத்தீர்கள். ஏப்ரலில் அவர் பெட்டியைக் காலால் தொட்டுக்கொண்டு கேட்டபோது நான் பேசியிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன், அதுவும் அந்த வார்த்தைக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா.

தங்கை

*

செப்டம்பர் 14

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமா? நான் நலம் என்று எழுதினால் நம்ப மாட்டாய்.

உன் கடிதத்துக்குப் பதிலைப் பல தடவை எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உனக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன், அல்லது எனக்கு. கிழித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதியவள் நீ. லைசென்ஸ் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரலில் நீ சொன்ன வார்த்தை என் வார்த்தை. அதை உன் கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

இந்த மாதம் முதல் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். சட்டையில் பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு நிற்கிறேன். போன வியாழக்கிழமை ஒருவர் வந்தார். அப்பா வயது இருக்கும். கூட மகள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, "கூட வந்தவங்க யாரு" என்று. விழுங்கினேன். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். கண்ணும் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கிற மாதிரி உட்கார்ந்தேன். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான். "பெரிய பையன் தூரத்துல இருக்கான். இன்னும் கொஞ்சம் தேறினதும் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். அப்படிப் பண்ணலாமா?"

அதற்குப் பரீட்சையில் ஒரு விடை உண்டு. பயணத்தைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்த அட்டையில் என் கையெழுத்திலேயே இருந்தது.

"தேறுற வரைக்கும் காத்திருக்காதீங்க" என்றேன். "இப்பவே போங்க."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்து துணி வைக்கும் அறைக்குப் போய், மடித்து வைத்த விரிப்புகளை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டை அங்கேயே வைத்திரு. அலுவலகத்தில் கேட்டாலும் திருப்பிக் கொடுக்காதே. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. பரவாயில்லை, நான் வைக்க மாட்டேன், கேட்டுக்கொண்டு இருக்கிறேன். முடிகிறபோது பேசு.

சாப்பிடு.

உன் அக்கா